கிளியம்மாளின் தலைவலி மாத்திரை

எண்பத்து மூன்றாம் வருஷம் யேசுராஜுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரகடம் ரோட்டில் மின்விசிறி மோட்டார் செய்யும் கம்பெனியின் டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக அவருக்கு அது ஏழாவது வருஷம். டாக்டர் கோதண்டராமன் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஸ்கூட்டரில் வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் வயிற்றுப்போக்கு, செப்புக் கம்பி கிழித்த விரல், தூசி விழுந்த கண் எல்லாம் யேசுராஜ் தலையில்தான் விடியும்.

வல்லத்திலிருந்து இருட்டு பிரிவதற்குள் சைக்கிளில் கிளம்புவார். முதல் ஷிப்டுக்குக் கதவைத் திறந்தால் இரண்டாம் ஷிப்டு ஆட்கள் உள்ளே வரும்வரை நின்றபடியே வேலை. மத்தியானத்துக்குள் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிடும். முன்பெல்லாம் வருகிறவர்களிடம் என்ன சாப்பிட்டாய், எப்போதிருந்து வலி என்று நாலு வார்த்தை கேட்பார். இப்போது கேட்பதில்லை. சொல்வதைக் காதில் வாங்கும்போதே கை மாத்திரையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கும்.

கிளியம்மாள் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றும் செக்‌ஷனில் இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த கிராமம். புருஷன் கன்னியப்பனுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒற்றைத் தலைவலி. இடது கண்ணுக்கு மேல் ஆரம்பித்து, பின்மண்டைவரை இழுத்து, கடைசியில் வாந்தியில் வந்து நிற்கும். செக்‌ஷனுக்குப் பக்கத்திலேயே சுற்றிய கம்பிக்கு வார்னிஷ் பூசிக் காயவைக்கும் அடுப்பு. அந்த வாடை பட்டாலே அவளுக்கு வலி கிளம்பிவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் அவளுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி தொடங்கும்போது ஒன்று, அரை மணி கழித்தும் நிற்காவிட்டால் இன்னொன்று, வாரத்துக்கு ஆறுக்கு மேல் கூடாது என்று யேசுராஜிடமும் சொன்னார். முதல் மாத்திரை போட்ட அன்று சாயங்காலம் கிளியம்மாள் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்று சிரித்தாள்.

"கம்பவுண்டரண்ணா, மண்டைக்குள்ள இருந்த பாறாங்கல்ல யாரோ எடுத்துப் போட்ட மாரி கீதுண்ணா."

ஆறு என்பது எப்போது எட்டானது, எட்டு எப்போது பன்னிரண்டானது என்று யேசுராஜுக்கே தெரியாது. வாரம் இரண்டு தடவை வந்துகொண்டிருந்தவள் தினம் வர ஆரம்பித்தாள். மாத்திரையின் வேகம் இறங்கினால் வலி வந்தது. வலி வருமோ என்ற பயத்தில் காலையிலேயே ஒன்று போட்டுக்கொண்டாள். ஒருநாள் யேசுராஜ் தயங்கினார்.

"தெனம் போட்டா ஒத்துக்காதும்மா. டாக்டர் வர்ற அன்னிக்கி வா."

"டாக்டர் வர்ற வரைக்கும் தலைய கழட்டி வச்சிட்டா வேல செய்வேன்?"

அப்போதே போன் மணி அடித்தது. சூப்பர்வைசர் எல்லப்பன். "இன்னா கம்பவுண்டர், அந்தம்மாவ அங்கயே உக்கார வச்சிக்கினு கீற? லைன் நிக்குது. மாத்திரய குடுத்து அனுப்புப்பா."

யேசுராஜ் கொடுத்தார். பிறகு தினமும் வரிசையில் அவள் முகத்தைப் பார்ப்பதே அலுப்பாகிவிட்டது. ஒரேயடியாகப் பத்து, இருபது என்று அட்டையோடு கிழித்துக் கொடுக்க ஆரம்பித்தார். அவளும் வரிசையில் நிற்காமல் போனாள். அவருக்கும் ஒரு ஆள் குறைந்தது.

ஐப்பசியில் அவளுக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்தது. டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டினாள். பென்சிலின் ஊசி அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொன்னதால் அவர் வேறொரு மருந்து எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் நான்கு நாளில் விட்டது. ஐந்தாம் நாள், திங்கட்கிழமை, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குள் வந்தாள்.

"ரெண்டு காலும் மரத்துப்போச்சிண்ணா. கேட்லருந்து இங்க நடந்து வர்றதுக்குள்ள மூணு தபா நின்னுட்டேன். கெண்டக்கால யாரோ முறுக்கிப் புழியற மாரி கீது."

யேசுராஜ் குனிந்து பாதத்தைத் தொட்டார். வெளியே புழுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பாதம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்ததுபோல் ஜில்லென்று இருந்தது. விரல் நுனிகள் நீலம் பூத்திருந்தன. பாதத்தின் மேலே, கணுக்காலுக்குப் பின்னால், நாடி பார்த்தார். இல்லை. முழங்காலுக்குப் பின்னாலும் இல்லை. இந்த வேலைக்கு வருமுன் மிஷன் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் இருந்தவர் அவர். நாடி இல்லாத கால் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். டைம் ஆபீஸுக்கு ஓடி, கம்பெனி வேனைக் கேட்டு வாங்கி, அவளை மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். ரத்தக் குழாயில் அடைப்பு என்று நினைத்தார். அதற்குமேல் யோசிக்கவில்லை. வாசலில் பதினேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கன்னியப்பன் வந்தான். நாலு நாள் தாடி. கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"காலு கறுக்க ஆரம்பிச்சிடுச்சி சார். வர்ற திங்கக்கெழம எடுத்துடணும்னு சொல்றாங்கோ. முட்டிக்குக் கீழ, ரெண்டு காலையும். கையெழுத்து கேக்கறாங்கோ. நான் இன்னா செய்யறது?"

யேசுராஜ் அவனை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு காலி அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"இந்த அட்ட காலியாயிடுச்சி, அஞ்சாறுதான் மிச்சம். தலவலி தாங்கலன்னு அழுவறா. அங்க குடுக்கற மாத்திர ஒண்ணும் கேக்கலயாம். கம்பவுண்டரண்ணங்கிட்ட வாங்கினு வான்னு சொன்னா. ஒரு பத்து குடு சார்."

யேசுராஜ் அட்டையைக் கையில் எடுத்தார்.

"ஆஸ்பத்திரிலயும் இத போட்டுக்கினுதான் கீறாளா?"

"ஆமா. தலகாணிக்கு அடில வச்சிக்கினு கீறா. ரவிக்கையிலயும் ரெண்டு வச்சிருப்பா."

"டாக்டருங்களுக்குத் தெரியுமா?"

"கால் நோவுக்குப் போயி தலவலி மாத்திரய எதுக்கு சார் சொல்றது?"

யேசுராஜ் எழுந்து அலமாரியைத் திறந்தார். அந்த வாரம்தான் புதுப் பெட்டி ஒன்று வந்திருந்தது. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடப் பிரித்ததில்லை. எறும்பு ஊர்வதுபோல் பொடிப்பொடியான இங்கிலீஷ் எழுத்து. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கை கால் மரத்துப்போதல். குளிர்ந்துபோதல். நாடி மறைதல். அளவு மீறினால் ரத்தக் குழாய்கள் சுருங்கி விரல்கள் அழுகும்.

அடைப்பு இல்லை. குழாய் தானாக இறுகிக்கொண்டிருக்கிறது. அதை இறுக்கிய கை அவருடைய கை.

 காகிதத்தை மடித்தார். மறுபடி பிரித்தார். கன்னியப்பன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், மாத்திர?"

"இல்ல. இனிமே அந்த மாத்திர கெடையாது. நீ கையெழுத்து போடாத. இரு, நானும் வர்றேன்."

டாக்டர் கோதண்டராமன் பத்து மணிக்கு வந்தார். யேசுராஜ் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார். டாக்டர் கேட்டுக்கொண்டே பேனா மூடியைத் திருகினார்.

"வாரத்துக்கு எத்தனை குடுத்தீங்க?"

"இருபத்தஞ்சு இருக்கும் சார். முப்பதும் இருக்கலாம்."

"என் சீட்டு இருக்கா அதுக்கு?"

"இல்ல சார்."

டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்தார். பிறகு மெதுவான குரலில் சொன்னார். "யேசுராஜ், அங்க பெரிய டாக்டருங்க இருக்காங்க. அவங்க பாத்துப்பாங்க. நீங்க போய் நின்னா, சீட்டு இல்லாம யார் குடுத்ததுன்னுதான் முதல் கேள்வி வரும். உங்களுக்கும் வரும், எனக்கும் வரும். வயசான காலத்துல வேலைய விட்டுட்டு எங்க போவீங்க?"

அவர் சொன்னது நிஜம்தான். யேசுராஜுக்கு அந்த நிமிஷத்தில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் வெளியே பெஞ்சில் கன்னியப்பன் உட்கார்ந்திருந்தான்.

"அரை நாள் லீவு போட்டுட்டேன் சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். மருந்துக் காகிதம் அவர் சட்டைப்பையில் இருந்தது.

இரண்டு பேரும் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய்ப் பாசஞ்சர் பிடித்து எழும்பூரில் இறங்கினார்கள். யேசுராஜ் தாம்பரம் தாண்டியபிறகுதான், கிளியம்மாளின் காலுக்கு என்ன காரணம் என்று கன்னியப்பனிடம் சொன்னார். தன் பங்கையும் ஒளிக்காமல் சொன்னார். கன்னியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எழும்பூர் வரைக்கும் திரும்பவேயில்லை.

வார்டில் இருந்தது டாக்டர் சரோஜா. இளம் வயசு, விடிகாலையிலிருந்து நின்றுகொண்டிருந்த முகம். கை நிறைய கேஸ் காகிதங்களோடு நடந்தவளை யேசுராஜ் வழிமறித்தார்.

"மேடம், பதினொண்ணாம் நம்பர் பெட். நான் கம்பெனி கம்பவுண்டர். அந்தப் பொண்ணுக்கு ரெண்டு வருஷமா இந்த மாத்திரய நான் குடுத்துக்கினு இருந்தேன். தெனம் நாலு. இங்க வந்தும் போட்டுக்கினுதான் கீது. தலகாணிக்கு அடில பாருங்க."

டாக்டர் காகிதத்தை வாங்கினாள். மருந்தின் பேரைப் பார்த்ததும் நடை நின்றுவிட்டது.

"தினம் நாலா? வேற ஏதாவது மருந்து சாப்பிட்டாங்களா?"

கன்னியப்பன் எடுத்து நீட்டிய டவுன் டாக்டர் சீட்டைப் பார்த்து, தொண்டைக்குக் கொடுத்த மருந்தின் பேரை யேசுராஜ் சொன்னார்.

"அய்யோ. அது இந்த மாத்திரைய உடம்பை விட்டுப் போகவே விடாதே!" அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "படிச்சவர்தானே நீங்க? மாத்திரையா குடுத்தீங்க, கடலை மிட்டாயா குடுத்தீங்க?"

யேசுராஜ் தலையைக் குனிந்துகொண்டார். திட்டுவாளென்று தெரிந்துதான் வந்திருந்தார். ஆனால் அவளுக்குத் திட்ட நேரமில்லை. கட்டிலுக்குப் போய்த் தலையணைக்கடியில் கையை விட்டு மூன்று மாத்திரைகளையும், ரவிக்கைக்குள்ளிருந்து இரண்டையும் எடுத்தாள். பெரிய டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் கிளியம்மாளைப் படம் எடுக்கக் கொண்டுபோனார்கள். படத்தில் தொடைக்குக் கீழே ரத்தக் குழாய்கள் நூல்போல் மெலிந்து மெலிந்து மறைந்தன. எங்கும் அடைப்பு இல்லை. பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை ஆபரேஷன் வேண்டாம்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

குழாயைத் தளர்த்தும் மருந்து இதய ஆபரேஷன் பகுதியிலிருந்து வந்தது. வெளிச்சம் பட்டால் அது கெட்டுப்போகுமாம். நர்ஸ் பாட்டிலையும் டியூபையும் கறுப்புக் காகிதத்தால் சுற்றி நூல் கட்டினாள். துளித்துளியாக ஏற்ற வேண்டும். கொஞ்சம் வேகமானாலும் பிரஷர் படுத்துவிடும். குறைந்தால் குழாய் திறக்காது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பிரஷர் பார்க்க வேண்டும். அந்த வார்டில் நாற்பது கட்டில், இரண்டு நர்ஸ்.

டாக்டர் சரோஜா யேசுராஜைப் பார்த்தாள். "பி.பி. பாக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மேடம்."

"உக்காருங்க. மேல் நம்பர் நூறுக்குக் கீழ போனா டியூப் கிளிப்பை இறுக்கிட்டு என்னைக் கூப்பிடுங்க. கால்ல வெந்நீர் பாட்டில் எதுவும் வைக்கக் கூடாது, உணர்ச்சி இல்லாத கால், வெந்துபோயிடும். பஞ்சு சுத்தியிருக்கு, அதுவே போதும். காப்பி குடுக்கக் கூடாது. வெத்தல பொகையில போடுற பழக்கம் இருந்தா அதுவும் இன்னியோட நிறுத்தணும்."

யேசுராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பட்டையைக் கட்டி, பந்தை அமுக்கி, காதில் குழாயை வைத்துக் கேட்டு, எண்ணைத் தாளில் குறித்து, பட்டையைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பார்த்து, மறுபடியும் பட்டையை இறுக்குவது. அரை மணிக்குள் கை கடுத்தது. நூற்று முப்பது. நூற்று இருபத்தாறு. நூற்றுப் பதினெட்டு. கன்னியப்பன் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தான். 

நாலு மணிக்குக் கிளியம்மாளுக்குத் தலைவலி வந்தது. பழகிய மாத்திரை நின்றுபோன வலி. முன்பு வந்ததற்கெல்லாம் மேலாக வந்தது. தலையைத் தலையணையில் இரண்டு பக்கமும் புரட்டினாள். வாந்தி எடுத்தாள். நர்ஸ் ஒரு ஊசி போட்டாள். அது ஒன்றும் செய்யவில்லை. கிளியம்மாள் யேசுராஜின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு. உங்கிட்ட இருக்கும். பையில தேடிப் பாருண்ணா."

"இல்லம்மா."

"நீ எனக்கு இல்லன்னு சொன்னதே இல்லியேண்ணா. இன்னிக்கி இன்னா ஆச்சி ஒனக்கு? பாதியாவது குடு. உன் கால்ல வுழறேன்."

யேசுராஜ் பந்தை அமுக்கினார். துடிப்பு காதில் விழவில்லை. மறுபடி அமுக்கினார். நூற்றுப் பத்து. குறித்தார்.

"அந்த மாத்திரதாம்மா உன் கால இப்பிடிப் பண்ணிச்சி. நான்தான் குடுத்தேன். இனிமே குடுக்க மாட்டேன்."

அவள் புரிந்துகொண்டாளா என்று தெரியவில்லை. கெட்ட வார்த்தையில் அவரைத் திட்டினாள். அவர் அப்பனைத் திட்டினாள். பக்கத்துக் கட்டில்காரிகள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அவர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவள் கையைப் பிடித்துப் பட்டையைக் கட்டினார், அவள் உதறினாள், மறுபடி கட்டினார். ஒரு தரம் தொண்ணூற்றாறுக்கு இறங்கியபோது கிளிப்பை இறுக்கிவிட்டு வராந்தாவில் ஓடினார். டாக்டர் வந்து துளியைக் குறைத்து, கட்டிலின் கால்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திவிட்டுப் போனாள்.

விளக்கு போடும் நேரத்தில் அழுது களைத்த கிளியம்மாள் கண்ணை மூடினாள். யேசுராஜ் பஞ்சை விலக்கி வலது பாதத்தைத் தொட்டார். தன் கையே சூடாக இருப்பதால் ஏமாறுகிறோமோ என்று புறங்கையால் தொட்டார். கணுக்கால்வரை வெதுவெதுப்பு இறங்கியிருந்தது. கணுக்காலுக்குப் பின்னால் விரலை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஏதோ அசைந்ததுபோல் இருந்தது. அது தன் விரலின் துடிப்பாகவும் இருக்கலாம். மறுபடி வைத்தார். மெல்ல, ரொம்ப மெல்ல, தட்டியது.

"கன்னியப்பா, இங்க வா. தொட்டுப் பாரு."

கன்னியப்பன் தொட்டான். தொட்ட கையை எடுக்காமல் பாதத்தின்மேல் முகத்தை வைத்துக்கொண்டான். யேசுராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷம் தாண்டியிருந்தது. அவசரமாகப் பட்டையை எடுத்தார்.

மருந்து இரண்டு நாள் ஓடியது. வலது கால் முழுக்கத் தப்பியது. இடது காலில் பெருவிரலும் அடுத்த விரலும் முன்பே கறுத்துச் சுருங்கிவிட்டிருந்தன. மூன்றாம் வாரம் அவற்றை மட்டும் எடுத்தார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை யேசுராஜ் பார்க்கப் போனார். மனைவி அன்னபுஷ்பம் கொடுத்தனுப்பிய ரசம் சாதத்தைக் கிளியம்மாள் வாங்கி வைத்துக்கொண்டாள். தலை தெளிந்திருந்தாள். வலி முதல் ஒரு வாரம் அவளைக் கொன்றெடுத்துவிட்டு, பிறகு மாத்திரை இல்லாமலேயே தணிந்துபோயிருந்தது. கொஞ்ச நேரம் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ குடுத்த மாத்திரையாலதானே?"

"ஆமா."

"நான் கேட்டேன். கேட்டா குடுத்துடுவியா?"

 எல்லப்பன் போன் செய்ததையும், வரிசையையும், தன் கால் கடுப்பையும் சொல்லலாம். எதுவும் சொல்லவில்லை. அவளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பாத்திரத்தை அங்கேயே விட்டு வந்தார்.

கம்பெனி அவருக்கு மெமோ கொடுத்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்து கொடுத்தது உண்மையா என்று கேட்டிருந்தார்கள். உண்மை என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். வேலையை எடுத்துவிடுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தார். ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள், ஆணியும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கும் வேலை. டாக்டர் கோதண்டராமன் வருவதை நிறுத்திக்கொண்டார். புது டாக்டர் வந்தார். அவரும் செவ்வாய், வெள்ளிதான்.

மாசி மாதம் கிளியம்மாள் வேலைக்குத் திரும்பினாள். வார்னிஷ் வாடை இல்லாத பேக்கிங் செக்‌ஷனில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். தலைவலி மாதத்துக்கு இரண்டு தடவை வருவதாகவும், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு அவள் படுத்துக்கொள்வதாகவும் யேசுராஜ் கேள்விப்பட்டார். எல்லப்பன் பார்த்தாலும் பார்க்காததுபோல் போய்விடுகிறானாம்.

ஒரு சனிக்கிழமை யேசுராஜின் சைக்கிள் டயர் கிழிந்துபோய், சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறினார். இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"கம்பவுண்டரண்ணா, இன்னா நின்னுகினே வர்ற? இப்பிடி வந்து ஒக்காரு."

கிளியம்மாள்தான். எதிர் சீட்டிலிருந்த டிபன் கேரியரை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காலில் பின்னால் வார் வைத்த செருப்பு போட்டிருந்தாள். யேசுராஜ் உட்கார்ந்தார்.   ஜன்னல் வழியாக ஏரிக் காற்று வந்தது. அவர் எப்போது தூங்கினார் என்று அவருக்கே தெரியாது.

தோளில் யாரோ தட்டினார்கள்.

"எழுந்திருண்ணா. வல்லம் வந்துடிச்சி."